வீடு என்னும் முதல் பட்டறை: பள்ளியை விட்டு வெளியேறுவது யாருக்குச் சாத்தியம்?

1

திருச்சுழியில் ரமணர் பிறந்த வீட்டு வாசலில் வைத்து நண்பர் ஒருவர் சொன்னார்: "பள்ளிக்கூடத்த உதறினார், அதனால ஞானி ஆனார்." வெளியூரிலிருந்து வந்திருந்தவர்கள் நாலு பேர். எல்லோரும் எழுதுகிறவர்கள், இயக்கங்களில் இருந்தவர்கள், இருப்பவர்கள். கல்வி பற்றி அருப்புக்கோட்டையில் நாங்கள் நடத்திய சிறு கூட்டத்துக்கு வந்தவர்களை மறுநாள் பஸ்ஸில் திருச்சுழிக்குக் கூட்டிப் போயிருந்தேன். என் மகளும் உடன் வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தரை வயது. எட்டு மாதமாகப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் என்னிடம் படித்துக்கொண்டிருந்தாள். முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அப்ப நானும் சாமி ஆயிருவேனாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பள்ளியை விட்டு வெளியேறுதல் என்ற ஒரே செயல் ஒருவருக்கு ஞானமாகவும் இன்னொருவருக்கு இழப்பாகவும் எப்படி அர்த்தம் பெறுகிறது? இந்த அர்த்தத்தை வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? குழந்தை கேட்டது இதைத்தான்.

மாற்றுக் கல்வி பேசும் நம் வட்டங்களில் 'வீட்டுக்கல்வி' ஒரு கலகச் செயலாகவே பேசப்படுகிறது. பள்ளி என்றால் ஒழுங்கு, கண்காணிப்பு, தண்டனை; வீடு என்றால் இயல்பு, அன்பு, சுதந்திரம். இந்த எதிர்நிலையைக் கட்டுடைத்துப் பார்க்காமல் நாம் மேற்கொண்டு ஓரடியும் நகர முடியாது என்று கருதுகிறேன். வெளியே நின்று இதைச் சொல்லவில்லை. பதினொரு மாதம் அதைச் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

2

அந்த வாசலிலிருந்தே தொடங்கலாம். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வெங்கடராமனின் தந்தை சுந்தரமய்யர் அவ்வூரில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1892-இல் தந்தை இறந்தபின் பையன் மதுரையில் சித்தப்பா வீட்டிலிருந்து படித்தான். 1896 ஆகஸ்டில், இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தைப் படிக்காததற்குத் தண்டனையாக மூன்று முறை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். எழுதிக்கொண்டிருந்தவன் பாதியில் நோட்டை மூடிவைத்தான். பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொண்டு போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டு ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். எல்லோரும் அறிந்த வரலாறு இது.

அவருடைய ஆன்மீகத்தை நான் இங்கே விவாதிக்க வரவில்லை. என் கவனம் அந்த ஐந்து ரூபாயில் இருக்கிறது. வெளியேறுவதற்கான வழிச்செலவு, காலேஜ் சம்பளத்துக்கென்று வைத்திருந்த பணத்திலிருந்து வந்தது. விட்டுச் சென்ற கடிதம், பள்ளி தந்த எழுத்தால் எழுதப்பட்டது. கல்வி தலைமுறையாக வீட்டுக்குள் குடியிருக்கும்போது ஒருவன் பள்ளியை விட்டு வெளியேறலாம். கல்வி அவனை விட்டு வெளியேறிவிடாது.

இதே வறண்ட சீமையில் இன்னும் இரண்டு பேர். விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராசர், தந்தையைச் சிறு வயதில் இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் ஜவுளிக் கடைக்குப் போனார். இடைசெவலின் கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக உட்கார்ந்தார். முதலாமவர் வெளியேறியதைத் துறவு என்கிறோம். இரண்டாமவர் வெளியேறியதைத் தியாகத்தின் முன்னுரையாகப் படிக்கிறோம். மூன்றாமவர் வெளியேறியதை மேதைமையின் அடையாளமாகக் கொண்டாடுகிறோம்.

நாலாவதாக ஒருத்தி இருக்கிறாள். எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவள். கொரோனாவில் பள்ளி மூடியபோது ஏழாம் வகுப்பு. திறந்தபோது அவள் வரவில்லை. இப்போது நூல் மில்லுக்குப் போகிறாள். அவள் வெளியேறியதற்கு நம் மொழியில் இருக்கும் பெயர் 'இடைநிற்றல்'. அது எமிஸ் பதிவில் ஒரு கட்டம். ஆண்கள் மூவருக்கும் வெளியேறியதன் பின்னால் ஒரு கதை கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது ஒரு புள்ளிவிவரம்.

வீட்டுக்கல்வி பற்றிய நம் பேச்சு முதல் மூவரின் கதையை எடுத்துக்கொண்டு நாலாமவள் மேல் மௌனம் சாதிக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

3

நான் ஏன் மகளை நிறுத்தினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவள் பீச்சாங்கைக்காரி. பென்சிலை இடக்கையில்தான் பிடிப்பாள். யுகேஜி படிக்கையில் ஒருநாள் விரல் கணுக்கள் வீங்கி வந்தாள். ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து அடித்திருக்கிறார்கள். கேட்கப் போனால், "இப்பவே மாத்தலன்னா அப்புறம் மாத்த முடியாது மேடம்" என்றார்கள். அந்த வாரம் முழுக்க ராத்திரி படுக்கையை நனைத்தாள். அடுத்த திங்கட்கிழமை அவளுக்குச் சீருடை மாட்டவில்லை.

ஒரு சிறிய கையின் இயல்பான சாய்வைக் குற்றமாக மாற்றி, அதைத் திருத்துவதைக் கல்வி என்று சொல்லும் அந்த இடத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மிஷேல் ஃபூக்கோ 1975-இல் சிறையையும் பள்ளியையும் ஒரே வரிசையில் வைத்து எழுதியது மிகை என்று நினைப்பவர்கள் அந்த விரல்களைப் பார்த்திருக்க வேண்டும். அதனால், பள்ளியை விமர்சித்தவர்களை நான் ஆர்வத்தோடுதான் படித்தேன். இவான் இல்லிச் 1971-இல் எழுதியது. ஜான் ஹோல்ட் 1977 முதல் நடத்திய பத்திரிகையும் 1981-இல் எழுதிய நூலும் பற்றிய செய்திகள். தமிழில் கிடைக்கும் 'பகல் கனவு', 'டோட்டோ-சான்'. பள்ளி, கற்றலைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டு, தன் வழியே வராத அறிவையெல்லாம் அறிவே இல்லை என்று ஆக்கிவிடுகிறது என்ற இல்லிச்சின் வாதம் இன்றும் வலுவானது.

சரி, என் வீட்டுப் பள்ளி எப்படி நடந்தது? குழாயில் தண்ணி வரும் நாளில் காலை நாலரைக்கே எழுந்து குடங்களை வரிசை வைக்க வேண்டும். அருப்புக்கோட்டையில் தண்ணி வரும் நாள் திருநாள் மாதிரி; வேறெந்த வேலையும் அன்றைக்கு நடக்காது. பிறகு சமையல். வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறி. என் வீட்டுக்காரர் கூலிக்குச் சேலை நெய்கிறார். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஆகவே கரண்ட் போகும் நேரம்தான் எங்கள் பாட நேரம். "கரண்ட் போயிருச்சு, புஸ்தகத்த எடு" என்று கூப்பிடுவேன்.

மற்ற நேரங்களில் அவள் அப்பத்தாவோடு இருந்தாள். என் அத்தை ராட்டையில் தார் சுற்றுவார். சுற்றிய தார்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது குழந்தைக்கு விளையாட்டு. ஒன்று முதல் பத்து வரை தமிழில் எண்ணியது அப்படித்தான். பிறகு இருபது, ஐம்பது. சிவப்பு நூல் எத்தனை, பச்சை எத்தனை என்று பிரித்தாள். எந்தத் தறிக்கு எந்த நிறம் என்று மனப்பாடமாகத் தெரிந்தது. நான் மகிழ்ந்துபோனேன். ஹோல்ட் சொன்னது இதுதானே! யாரும் கற்பிக்காமல், வாழ்க்கையின் நடுவிலிருந்து, தானாகக் கற்கிறாள். நண்பர்களுக்குப் பெருமையாக எழுதினேன்.

நாலாவது மாதம் ஒருநாள், தறியில் தார் தீர்ந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "பாப்பா, பச்சத் தார் அஞ்சு கொண்டா." அவள் ஓடிப்போய்க் கொடுத்தாள். அத்தை சொன்னார்: "என் ராசாத்தி, ஒரு ஆளு வேலைய மிச்சம் பண்ணிட்டா." யாரும் திட்டமிடவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. கற்றல் எந்த நாளில் வேலையாக மாறியது என்று கேட்டால் எங்களில் ஒருவராலும் தேதி சொல்ல முடியாது. ஓடும் தறியிலிருந்து நாடா தெறித்தால் கண் போகும் என்பது எனக்குத் தெரியும். தறிக்கு மூன்றடி தூரத்தில் தார் ஏந்தி நின்றவள் என் மகள்.

4

எனக்கு இது புதிதல்ல என்பதுதான் பயத்துக்குக் காரணம். நான் பிறந்தது பந்தல்குடிக்கு மேற்கே ஒரு கிராமம். மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளமும் பருத்தியும் மல்லியும். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட வேண்டும். 1990களில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தீப்பெட்டி ஒட்டினோம். பள்ளிவிட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவோம். கணக்கு குரோசில் இருக்கும். ஒரு குரோசுக்கு நூற்று நாற்பத்து நான்கு. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை டீச்சர் சொல்லித்தரும் முன்னாலேயே பன்னிரு பன்னிரண்டு 144 என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் 144 என்றால் ஜாதிக் கலவரமும் தடையுத்தரவும் என்று புரிந்துகொள்வார்கள். எனக்கு அது பசை காய்ந்த விரல்களின் எண்.

அதுவும் வீட்டில் கற்ற கணிதம்தான். அதுவும் அன்றாடத்தின் நடுவே, தாயின் அருகே, பாடப்புத்தகம் இல்லாமல் கற்றதுதான். வீட்டுக்கல்வியின் இலக்கணம் முழுக்கப் பொருந்துகிறது. ஆனால் இதை யாரும் மாற்றுக் கல்வி என்று சொல்வதில்லை. குழந்தை உழைப்பு என்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். விடிவதற்கு முன்னால் பஸ் வந்து தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டுபோன சிறுமிகளைப் பூமணி 'கருவேலம்பூக்கள்' படத்தில் பதிவு செய்தார். வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எங்களைப் பதிவு செய்வது இன்னும் கடினம். ஏனென்றால் தொழிற்சாலைக்கு வாசல் உண்டு, அங்கே இன்ஸ்பெக்டர் வந்து நிற்கலாம். வீட்டுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. 'அம்மாவுக்கு ஒத்தாசை' என்ற சொல் எங்களை மறைத்து வைத்திருந்தது.

பறவைகளையும் செடிகொடிகளையும் ஊராரிடமிருந்து கற்கும் ஒரு சிறுவனின் உலகத்தைக் கி.ரா. 'பிஞ்சுகள்' நாவலில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கு வெளியே இருக்கும் அறிவுக்கு நம் மொழியில் அதைவிட நல்ல சாட்சி குறைவு. ஆனால் அதை இன்று வாசிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. பறவையின் பின்னால் நாள் முழுக்க அலையும் நேரம் யாருக்கு வாய்க்கிறது? அதே கரிசலில் அதே வயதில் மாடு மேய்த்த பையனுக்கும் அத்தனை பறவைகளும் தெரிந்திருக்கும். அவனுடைய அறிவு அவனை எங்கே கொண்டுபோய் விட்டது?

இங்கேதான் வரலாறு குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் 'வீடே பள்ளி' என்ற கருத்து ஹோல்ட்டிடமிருந்து வந்ததல்ல. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைச் சுமார் மூன்று மணி நேரமாகக் குறைத்தது. பிள்ளைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து முறைவைத்து வரச் சொன்னது. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலை வீட்டில் கற்கட்டும் என்றது. அதே ஆசிரியர்களையும் அதே பணத்தையும் வைத்துக்கொண்டு இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அதன் கணக்கு. பெரியார் அதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வித் திட்டம்'. எதிர்ப்பு நாடெங்கும் எழுந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் முதலமைச்சராக வந்து அத்திட்டத்தைக் கைவிட்டார்.

குலக்கல்வித் திட்டத்தின் வாதத்தையும் இன்றைய வீட்டுக்கல்வியாளரின் வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏட்டுப் படிப்பு மட்டும் கல்வி இல்லை; கைத்தொழிலும் கல்விதான்; குடும்பமே சிறந்த பள்ளி; நாலு சுவருக்குள் குழந்தையை அடைக்காதே. ஒரு வாக்கியத்தோடும் சண்டை போட முடியாது. வாக்கியங்கள் சரியாக இருந்தும் விளைவு கொடூரமாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 'குடும்பம்' என்ற பொதுச்சொல்லுக்குள் வக்கீல் வீடும் சக்கிலியர் குடிசையும் ஒன்றாக வைக்கப்படும்போது, முதல் வீட்டில் பிள்ளை சட்டப் புத்தகத்தைக் கற்பான். இரண்டாவது வீட்டில் தோலைப் பதப்படுத்தக் கற்பான். வீடு அவனவன் இடத்தை அவனவனுக்குக் கற்றுத்தரும்.

பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-இல் வந்த திருத்தம், பதினாலு வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பதை முற்றாகத் தடைசெய்த அதே கையால், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்றது. 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைக் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைக் காரணம் காட்டித் தமிழக அரசு 2024-இல் ஏற்க மறுத்தபோது, குலக்கல்வி என்ற சொல் மறுபடி நம் பேச்சுக்குள் வந்தது. எழுபது ஆண்டு கழித்தும் அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கிறது என்றால், வீடு இன்னும் பட்டறையாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

5

அடுத்த மௌனம் 'பெற்றோர்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. வீட்டுக்கல்வி பற்றிய பிரதிகள் எல்லாம் 'பெற்றோர் கற்பிக்கிறார்கள்' என்றே பேசுகின்றன. பலர்பால் விகுதி பெரிய சூதுக்காரி. தந்தையையும் தாயையும் ஒன்றாகக் கட்டி, வேலை யார் தலையில் விழுகிறது என்பதை மறைத்துவிடுகிறாள். நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். ஒரு கல்லூரியில் தொகுப்பூதியத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தையை வீட்டில் வைத்ததும் அதை விட்டேன். விட்டது யார் என்ற கேள்வியே எழவில்லை. சம்பளம் குறைவானவள் விட வேண்டும், அவ்வளவுதானே. அத்தை சொன்னார்: "புள்ளயோட வீட்ல சும்மாதான ஆத்தா இருக்க, அந்த ஊறப்போட்ட துணியையும் அலசிரு." அவர் கடுமையாகச் சொல்லவில்லை. சும்மா இருப்பதாக உண்மையிலேயே நினைத்தார்.

பள்ளியை மறுத்த அதே இல்லிச் 1981-இல் 'நிழல் உழைப்பு' பற்றி எழுதினார். கூலி வேலை நடப்பதற்குத் தேவையான, ஆனால் கூலியே இல்லாத, கணக்கில் வராத உழைப்பு. வீட்டுப் பெண்ணின் உழைப்பு அதன் முதல் உருவம். பத்தாண்டு முன்னர் அவர் எழுதியதை இதன் வெளிச்சத்தில் திருப்பி வாசித்தால், பள்ளியைக் கலைத்ததும் அதன் வேலை காற்றில் கரைந்துவிடவில்லை என்று தெரியும். அது சம்பளம் வாங்கும் ஆசிரியையின் மேசையிலிருந்து சம்பளமில்லாத தாயின் அடுப்படிக்கு இடம்பெயர்கிறது.

இதைத் தமிழ்நாடு முழுக்க ஒரே சமயத்தில் அனுபவித்தோம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் எல்லா வீடும் பள்ளி. கல்வித் தொலைக்காட்சி ஓடியது. ஒரு போனை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தார்கள். பின்னர் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. மாலையில் ஒன்றரை மணி நேரம் தெருவில் பாடம் சொல்ல வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 'தன்னார்வலர்' என்று பெயர். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. அவர்கள் செய்தது எத்தனை பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும். என் தங்கை அதில் இருந்தாள். ஆனால் ஆசிரியர் வேலைக்கு ஆகும் செலவில் ஒரு துணுக்கை வைத்துக் கல்வியை நடத்தலாம் என்ற எண்ணம் வீட்டைச் சுற்றி இருக்கும் பெண்ணுழைப்பைக் கண்டுகொண்டுதான் பிறக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. என்னால் குழந்தையை நிறுத்த முடிந்தது. எப்படி? நான் எழுத்துத் தெரிந்தவள். எத்தனை வருஷம் விட்டாலும் பிடித்துவிடலாம் என்ற தைரியம் எனக்கு உண்டு. பின்னால் திறந்தநிலைப் பள்ளியில் தேர்வு எழுதவைக்கலாம் என்ற தகவலும் உண்டு. பியர் பூர்தியூ இதைக் கலாச்சார மூலதனம் என்பார். மூன்று தெரு தள்ளி இருப்பவளின் அம்மாவுக்கு இந்தத் தைரியம் கிடையாது. அவள் மகள் ஒருமுறை வெளியே வந்தால் வந்ததுதான். நாங்கள் இருவரும் பிள்ளையை நிறுத்தியவர்கள். என்னைக் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிடுகிறார்கள். அவளிடம் நோட்டீஸ் கொடுக்கிறார்கள்.

6

அப்படியானால் பள்ளியை வக்காலத்து வாங்குகிறேனா? பள்ளி புனிதமான இடம் என்று சொல்ல தென்மாவட்டத்துக்காரி ஒருத்திக்கு வாய் வராது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துப் பிள்ளைகள் ஜாதி சொல்லும் இடம் அது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதியை நீக்குவது என்று அதில் பல பரிந்துரைகள். பள்ளி ஜாதியை ஒழிக்கவில்லை. திரும்ப உற்பத்தி செய்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் காண வேண்டும். பள்ளியில் ஜாதி கண்ணில் படுகிறது. அதன்மேல் புகார் கொடுக்கலாம், குழு போடலாம், அறிக்கை கேட்கலாம், போராடலாம். வீட்டில் அது கண்ணில் படுவதில்லை. அங்கே அதற்குப் பெயர் 'நம்ம பழக்கம்'. வீட்டின்மேல் எந்தக் குழுவும் போட முடியாது.

எட்டாவது மாதம் திருச்சுழியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் நான் ஒரு கணக்குப் போட்டேன். என் மகள் இந்த எட்டு மாதத்தில் யார் யாரோடு விளையாடினாள்? விரல்விட்டு எண்ணினேன். எல்லாப் பெயரும் எங்கள் தெரு. எங்கள் தெரு என்றால் எங்கள் ஜாதி. அருப்புக்கோட்டையில் தெருவுக்கும் ஜாதிக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 'ஜாதி தெரியாமல் வளர்க்கிறோம்' என்று கூட்டத்தில் பேசியவள் நான். வேறு ஜாதிக் குழந்தையின் முகத்தையே அவளுக்குக் காட்டாமல் வளர்த்திருக்கிறேன். அடித்த பள்ளியிலாவது நாலு தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் நடந்ததும் நமக்குப் பாடம். 1970களில் ஹோல்ட் போன்றோர் விடுதலையின் பெயரால் திறந்த கதவு அது. 1980களில் அதன் வழியே பெருங்கூட்டமாக நுழைந்தவர்கள் மதப் பழமைவாதிகள். டார்வினும் மதச்சார்பற்ற பாடமும் தங்கள் பிள்ளைகளின் காதில் விழக் கூடாது என்றவர்கள். 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லுபடியானதில் அவர்களின் உழைப்பு அதிகம். இங்கே அந்தக் கதவைத் திறந்தால் முதலில் யார் நுழைவார்கள் என்பதை யோசிக்க ரொம்ப நேரம் ஆகாது. மகள் காதலித்துவிடுவாள் என்று பயப்படும் தகப்பன் நுழைவான். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்த, 'வீட்லயே படிக்குது' என்ற மரியாதையான வாக்கியம் அவனுக்குக் கிடைத்துவிடும்.

7

இந்தச் சீமையிலேயே பள்ளி மறுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள் மேல் வழக்குப் போடப்பட்டு, 1899-இல் சிவகாசி பற்றி எரிந்த காலம். அதற்குச் சில ஆண்டு முன்னாலேயே விருதுநகரில் அவர்கள் க்ஷத்திரிய வித்யாசாலாவைத் தொடங்கிவிட்டார்கள். காமராசர் படித்தது அங்கேதான். வீட்டுக்கு வீடு, சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். பிடியரிசி. அந்தப் பிடியை எடுத்து வைத்த கைகள் பெண்களுடையவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் பொன்னுலகமாக்கவில்லை. அது தன் ஜாதிக்கு எழுப்பிய பள்ளி. பெயரிலேயே க்ஷத்திரியம் இருக்கிறது. அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு எடுத்துவைக்கப் பிடியரிசிகூட இருக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் திசை. அடுப்படியிலிருந்து ஒரு பிடி வெளியே போய்ப் பொது இடமாகிறது. நம் வீட்டுக்கல்வியாளர்கள் பொது இடத்திலிருந்து தங்கள் பிள்ளையை மட்டும் அடுப்படிக்குத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். பள்ளியின் மேல் எல்லாரையும்விடக் கூர்மையான விமர்சனம் வைத்திருப்பவர்கள் வெளியேறிவிட்டால், உள்ளே எஞ்சுவது விமர்சிக்க நேரமில்லாதவர்களின் பிள்ளைகளும் ஸ்கேலும்தான்.

பதினோராவது மாதம் மகளை நகராட்சித் தொடக்கப் பள்ளியில் சேர்த்தேன். முதல் நாளே டீச்சரிடம் சொன்னேன்: "பீச்சாங்கைப் பிள்ள டீச்சர், அடிச்சுராதீங்க." அவர் நிமிர்ந்து பார்த்து, "நானும் பீச்சாங்கைதாம்மா" என்றார். இப்படி அமைந்தது தற்செயல். இதை வைத்து அரசுப் பள்ளிக்கு ஆதரவாக ஒரு கோட்பாடு எழுத மாட்டேன். அதே பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். கழிப்பறை இருக்கிறது, தண்ணி இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நான் போனேன். முதல் இரண்டு கூட்டத்தில் டீயும் கையெழுத்தும் மட்டும் நடந்தது. மூன்றாவது கூட்டத்தில் தண்ணிக்கு மனு எழுதினோம். பதினேழு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தி, மூன்று தெரு தள்ளி இருப்பவள், மில்லுக்குப் போகும் பெண்ணின் அம்மா. அவளுடைய சின்ன மகன் இங்கே இரண்டாம் வகுப்பு. "பெரியவள மறுபடி சேக்க முடியுமா?" என்று கூட்டம் முடிந்தபின் மெதுவாகக் கேட்டாள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டத்தில் இடமிருந்த காலம் அவளுக்குத் தாண்டிவிட்டது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் கிடையாது. தண்ணியும் இன்னும் வரவில்லை.

தார்கள் பற்றியும் சொல்ல வேண்டும். மகள் வகுப்பில் ஐம்பது வரை எண்ணியதும் டீச்சர் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். அப்பத்தா வீட்டில் தார் சுற்றும் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் பத்துத் தார்க்குச்சி கொண்டுவரச் சொன்னார்கள். வகுப்பு முழுக்க அதை வைத்து எண்ணியதாம். என் 144-ஐ என் பள்ளி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். வீட்டறிவு வீட்டிலேயே கிடந்தால் அது பிள்ளையை வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. பள்ளிக்குள் எடுத்துப் போனால் எல்லாருக்குமான கணக்காகிறது.

சேர்ந்த மூன்றாவது வாரம் மகள் ஒரு தோழியின் பெயரைச் சொன்னாள். அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். தெருவின் பெயரையும் சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தார்க்குச்சியை எடுத்து ராட்டையில் மாட்டினார். நான் குழந்தைக்குத் தலை சீவிவிட்டு, செருப்பை மாட்டச் சொன்னேன். போய் வந்தோம்.